சுண்ணாம்புக் கோடு

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் ஓட்டம், பாய்தல், எறிதல் போட்டிதான் இல்ல மெய்வல்லுநர் போட்டி. அது என்றதும் புலம்பெயர்ந்த பழைய மாணவர் பலருக்கும் முதலில் கண்முன் வருவது இல்ல அலங்காரம்தான். குருத்தோலைத் தோரணம், வாழைக்குட்டி, இல்ல நிறத்தில் கடதாசி. ஒரு இல்லம் கப்பல் கட்டினால் அடுத்த இல்லம் கோட்டை கட்டும். பிறகு அணிநடையும் பாண்ட் வாத்தியமும், அதற்கும் பிறகு கேடயங்களும் அதிபர் அறைச் சுவரில் தொங்கும் சாதனைப் பலகையும். இத்தனைக்கும் அடியில் கிடந்தது மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு. அது சரியாக விழுந்த ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் ஊரில் எடுத்த நேரம் வலயப் போட்டியிலும் அப்படியே நின்றது. பிழைத்த ஆண்டுகளில் ஊரில் "சாதனை" படைத்தவர்கள் மாகாணத்தில் தெரிவுப் போட்டியோடு திரும்பி வந்தார்கள். ஆகவே இந்த மலரில் கேடயங்களை விட்டுவிட்டு, அந்தக் கோடு போட்ட கைகளின் வேலையை எழுதிவைக்கிறோம்.

மாரி மழை விட்டு நிலம் இறுகத் தொடங்கும் தை மாதத்தில் வேலை ஆரம்பிக்கும். அதற்குள் மைதானம் முழுக்கப் புல் மண்டியிருக்கும். புல்லை விட மோசமானது நெருஞ்சி. மஞ்சள் பூவோடு நிலத்தோடு படர்ந்து கிடக்கும். காய் முற்றிவிட்டால் முள் மண்ணோடு கலந்துவிடும், பிறகு எவ்வளவு கூட்டினாலும் போகாது. வெறுங்காலோடு ஓடிய காலத்தில் இது சின்ன விசயம் இல்லை. பூவில் இருக்கும்போதே உழவாரத்தால் வேரோடு செருக்கி, கடகத்தில் அள்ளி மைதானத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். மதிலோரம் குவித்துவிட்ட ஆண்டுகளில் அடுத்த மாரிக்கு அது அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் மைதானத்தில் 400 மீற்றர்ச் சுற்று கொள்ளாது. நியமப்படி ஆறு சுவடுகளோடு (ஆளுக்கொன்றாக ஓடும் தடங்களோடு) அதை அமைக்க ஏறக்குறைய 172 மீற்றர் நீளமும் 88 மீற்றர் அகலமும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அத்தனை வெளி உள்ள பள்ளிக்கூடங்கள் சில மட்டுமே. ஆகவே 200 மீற்றர்ச் சுற்று, நான்கு இல்லங்களுக்கு நான்கு சுவடுகள். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 50 மீற்றர், வளைவு ஒவ்வொன்றும் 50 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இலகு. 50ஐ பையால் (π, 3.1416) வகுத்தால் ஆரை 15.915 மீற்றர். இங்கேதான் முதலாவது பிழை நடக்கும். அந்த ஆரை ஓடுபவரின் கால் போகும் பாதைக்கு உரியது, கோட்டுக்கு அல்ல. வரம்புக்கல் இல்லாத புல்வெளியில் உட்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே ஓடுவதாகக் கொண்டுதான் தூரம் கணிக்கப்படும். எனவே கோடு இழுக்கும் ஆரை 15.715 மீற்றர். இந்த 20 சென்ரிமீற்றரை மறந்தால் ஒரு சுற்றுக்கு 1.26 மீற்றர் கூடிவிடும்.

முதலில் ஒரு செவ்வகம். நீளம் 50 மீற்றர், அகலம் 31.43 மீற்றர். மூலைகளைச் செங்கோணமாக்க 3, 4, 5 முறை: ஒரு பக்கம் 3 மீற்றரில் ஒரு முளை, மற்றப் பக்கம் 4 மீற்றரில் ஒரு முளை, இரண்டுக்கும் இடையில் சரியாக 5 மீற்றர் வரும்வரை நகர்த்த வேண்டும். இவ்வளவு பெரிய செவ்வகத்துக்கு 3, 4, 5 போதாது, 9, 12, 15 ஆக எடுத்தால் பிழை குறையும். எல்லாம் அடித்து முடிந்தபின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்ப்பதுதான் தீர்ப்பு. இரண்டும் 59.06 மீற்றர் வந்தால் சரி. ஒன்று 59, மற்றது 59.20 என்றால் செவ்வகம் சரிந்து கிடக்கிறது, முளைகளைப் பிடுங்கத்தான் வேண்டும். "பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியாது" என்று யாராவது சொல்லும் நேரம் இதுதான். கண்ணுக்குத் தெரியாதுதான், மணிக்கூட்டுக்குத் தெரியும்.

அகலப் பக்கத்தின் நடுவில் மையமுளை. அதிலிருந்து அரைவட்டம் சுற்றுவதற்குக் கயிறு எடுக்கக்கூடாது. தும்புக் கயிறு பனியில் நனைந்தால் ஒரு நீளம், வெயிலில் காய்ந்தால் இன்னொரு நீளம். நைலோன் இழுக்க இழுக்க நீளும். மெல்லிய இரும்புக் கம்பி நல்லது, உருக்கு நாடா அதைவிட நல்லது. ஆரையில் 10 சென்ரிமீற்றர் கூடினால் ஒரு சுற்றில் 63 சென்ரிமீற்றர் கூடும். ஏழரைச் சுற்று ஓடும் 1500 மீற்றரில் அது 4.7 மீற்றர். மையமுளை அசைந்தாலும் இதே கதைதான். அதனால் ஒருவர் முளையை மிதித்தபடி அங்கேயே நிற்பார், அவருக்கு வேறு வேலை கிடையாது.

சுவட்டின் அகலம் 1.22 மீற்றர். ஐந்து கோடுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1070 மீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம். பழைய பால்மாப் பேணியின் அடியில் ஆணியால் துளையிட்டு, நீற்றி அரித்த சுண்ணாம்புத் தூளைப் போட்டுத் தட்டிக்கொண்டு போவது ஒரு முறை. காலைப் பனி ஈரம் இருக்கும்போது போட்டால் தூள் புல்லில் ஒட்டும், பத்து மணிக்குப் பிறகு காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கரைத்து ஊற்றும் முறையில் கோடு இரண்டு மூன்று நாள் நிற்கும், ஆனால் காயும்வரை யாரும் மிதிக்கக்கூடாது. எப்படியானாலும் நீற்றாத சுண்ணாம்பைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது. வியர்வை பட்ட தோலைச் சுடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி எல்லோரும் சண்டை பிடிக்கும் இடம். பார்வையாளர் கொட்டிலில் இருந்து பார்க்கும் அம்மாவுக்கு வெளிச் சுவட்டுப் பிள்ளை முன்னால் நிற்பது அநியாயமாகத் தெரியும், உட்சுவட்டுப் பிள்ளையின் அப்பாவுக்கு இன்னும் அநியாயம். வெளியே போகப் போக வட்டம் பெரிது, ஆகவே தொடக்கத்தை முன்னால் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு, ஒவ்வொரு சுவட்டுக்கும், 1.22ஐ இரண்டு பையால் பெருக்கி வரும் 7.67 மீற்றர். இதில் ஓர் அழகு இருக்கிறது: மைதானம் பெரிதோ சிறிதோ, ஆரை எதுவோ, இந்த 7.67 மாறாது, சுவட்டின் அகலம் மட்டுமே அதைத் தீர்மானிக்கும். எங்கள் மைதானத்தில் 200 மீற்றர் ஒரு சுற்று. இரண்டாம் சுவட்டுக்கு 7.67, மூன்றாவதுக்கு 15.33, நாலாவதுக்கு 23 மீற்றர். 400 மீற்றரை முடியும்வரை சுவட்டுக்குள்ளேயே ஓடுவதானால் எல்லாம் இரட்டிப்பு, நாலாம் சுவட்டுப் பிள்ளை 46 மீற்றர் முன்னால் நிற்கும். பார்ப்பவர்கள் கத்துவதில் வியப்பில்லை.

அளப்பதில்தான் தவறு நேரும். 23 மீற்றரைக் கோட்டின் மேல் வைத்து அளக்கக்கூடாது, கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே, ஓடும் பாதையில் அளக்க வேண்டும். கோட்டின் மேல் அளந்தால் நாலாம் சுவட்டுக்கு ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் சும்மா கிடைக்கும். மார்பு வித்தியாசத்தில் முதலாம் இடம் போகும் ஓட்டத்தில் 24 சென்ரிமீற்றர் என்பது ஒரு பிள்ளையின் வருடம். நாடாவை வளைவில் நேராக இழுத்துப் பிடித்தாலும் பிழை, ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு குச்சி நட்டு அதைச் சுற்றி நாடாவைப் படியவைக்க வேண்டும்.

பாய்தல் குழியைப் பற்றிச் சுருக்கமாக. அகலம் 2.75 மீற்றருக்குக் குறையக்கூடாது, மிதிபலகை 1.22 மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம், நிலத்தோடு சமனாகப் புதைக்க வேண்டும். மண் மட்டம் பலகை மட்டத்தில் இருக்க வேண்டும். குழி பத்திருபது சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் பிள்ளை இன்னும் கொஞ்சம் காற்றில் போய்த்தான் விழும். தூரம் கூடும், சாதனைப் பலகையில் பெயரும் ஏறும், வலயத்துச் சமமான குழியில் உண்மை தெரியும். காலையிலேயே மண்ணை ஆழக் கொத்தி நனைத்து வைத்தால் தடம் உடையாமல் நிற்கும்.

குண்டு போடுதலுக்கு 2.135 மீற்றர் வட்டம். அதன் முன்னால் விரியும் கோணம் 34.92 பாகை. பாகைமானி தேவையில்லை: வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 20 மீற்றர் நாடா இழுத்து, இரு நுனிக்கும் இடையில் 12 மீற்றர் வரச்செய்தால் அந்தக் கோணம் தானாக வந்துவிடும். பரிதிவட்டம் (தட்டு) எறிதலுக்கும் இதே கணக்கு, வட்டம் மட்டும் 2.50 மீற்றர். ஈட்டிக்குக் கோணம் ஒடுங்கியது: 20 மீற்றருக்கு 10 மீற்றர்.

நேரம் எடுப்பவர்கள் ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் திரும்பச் சொல்ல வேண்டிய ஒன்று, தொடக்கத் துப்பாக்கியின் சத்தத்துக்கு மணிக்கூட்டை அமத்தக்கூடாது, புகைக்கு அமத்த வேண்டும். 100 மீற்றர் தள்ளி நிற்பவரின் காதுக்குச் சத்தம் வர ஏறக்குறைய 0.3 செக்கன் பிடிக்கும். காதை நம்பினால் அத்தனையும் பிள்ளையின் நேரத்தில் குறைந்து, பொய்யான வேகம் காட்டும். வெடிச்சத்தம் கேட்டாலே ஊர் ஒடுங்கிய ஆண்டுகளுக்கு ஏற்றது பிணைச்சல் பூட்டிய இரண்டு பலகைகள். ஓங்கி அடிக்கும்போது பலகைகள் சேர்வதைப் பார்த்து அமத்தலாம். கையால் எடுக்கும் நேரத்தை எப்போதும் மேலே உள்ள பத்தில் ஒரு செக்கனுக்குத்தான் மாற்ற வேண்டும். 11.32 என்றால் 11.4. "11.3 என்று போடுங்கோ சேர், பிள்ளை பாவம்" என்று கேட்டால் இரங்கக்கூடாது. மூன்று மணிக்கூட்டில் நடுவில் உள்ளதே நேரம். முடிவுக் கோட்டைத் தொடவேண்டியது உடல். தலையோ கையோ முந்தியதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசி நிகழ்ச்சி அஞ்சல் ஓட்டம். அதில் வெல்வதும் தோற்பதும் கால்களை விடக் கைகளில்தான். முதலாமவரும் மூன்றாமவரும் வலக்கையில் கோல் பிடித்து வளைவின் உட்பக்கம் ஓட வேண்டும்; இரண்டாமவரும் நாலாமவரும் இடக்கையில் வாங்கி வெளிப்பக்கம் ஓடினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. வாங்குபவர் தன் பின்னால் பதினைந்து முதல் இருபது பாத அடி தூரத்தில் ஒரு அடையாளம் வைப்பார். கொண்டுவருபவர் அதை மிதித்த கணம் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. போட்டி நாளில் இரண்டும் பிழைக்கும். உற்சாகத்தில் முன்னமே கிளம்பினால் கோல் எட்டாது. பயத்தில் திரும்பிப் பார்த்தால் வேகம் விழும். பயிற்சியில் சோர்ந்த காலோடு வைத்த அடையாளத்தைப் போட்டி நாளில் இரண்டு அடி பின்னால் தள்ளி வைத்த அணிகள் தப்பின. 2017 வரை கோல் மாற்றும் எல்லை 20 மீற்றர், அதன் முன்னால் ஓடிச் சேர 10 மீற்றர். இப்போது முழுதும் சேர்த்து 30 மீற்றர். பழைய மாணவர் ஓட்டத்துக்கு வந்தவர்கள் பழைய எல்லையை நினைத்துக்கொண்டு நிற்பார்கள், பாவங்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமம் (யாழ் குடாநாட்டின் மேற்குப் பகுதி) முழுதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது மைதானமும் பின்னால் கிடந்தது. அடுத்த தையில் கோடு போட யாருமில்லை. திரும்பி வந்த பிறகு முதலில் தேடியது நாடாவையும் குண்டையும்தான். குண்டு கிடைத்தது, யாருக்கும் தேவைப்படாத பொருள் அது.

பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கேடயங்களும் வெற்றிக் கிண்ணங்களும் அனுப்புகிறோம். அலுமாரியில் இடமில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தேவை 50 மீற்றர் உருக்கு நாடா இரண்டு, நல்ல நிறுத்து மணிக்கூடு ஆறு, பாய்தல் மெத்தை. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றி, 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்தது தடித்த மெத்தை இல்லாத காலத்தில். அதைச் சொல்லி இன்றைய பிள்ளையை மண்ணில் விழவிடக்கூடாது. முதுகால் விழும் பாய்ச்சல் 1968க்குப் பிறகு பரவியது. கழுத்தும் முதுகும் முதலில் படும் அந்த முறையை மண் குழியில் பழகவே கூடாது. மண்ணில், காலால் விழும் கத்தரிப் பாய்ச்சல் மட்டும்.

கோலூன்றிப் பாய்தலுக்கு உதவ விரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றி, பிறகு அதைத் தானே முறியடித்த நாளிலிருந்து வடக்கில் பல பள்ளிக்கூடங்களுக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் கண்ணாடியிழைக் கோலின் மேல் நீளத்தோடு எத்தனை கிலோ எடைக்கு என்றும் எழுதியிருக்கும். பாரமான பிள்ளை மெல்லிய கோலைப் பிடித்தால் கோல் முறியும், மெலிந்த பிள்ளை விறைத்த கோலைப் பிடித்தால் கோல் நிமிராமல் ஓடுபாதைக்கே திருப்பி எறியும். ஒரே ஒரு கோல் அனுப்புவதில் பயனில்லை, படிப்படியாக எடை கூடும் நாலைந்தாவது வேண்டும். மெத்தை குறைந்தது 5 மீற்றருக்கு 5 மீற்றர். அதையும் நிலத்தில் நேரே போட்டால் மாரித் தண்ணீரை உறிஞ்சி ஊறி, எலி குடியேறிவிடும். அடியில் மரச்சட்டம், மேலே படங்கு. இரண்டுக்கும் சேர்த்தே பணம் அனுப்புங்கள்.

மையமுளைகளுக்கு ஒரு நிரந்தர வழி உண்டு. போட்டி முடிந்த மாலை முளைகளைப் பிடுங்கி அதே இடத்தில் இரண்டு கொங்கிறீட் கட்டைகளை, நடுவில் ஒரு இரும்புக் கம்பியோடு, யாருடைய காலும் தடக்காதபடி நிலமட்டத்துக்கு நாலு விரல் கீழே புதைத்து மண் மூடிவிட வேண்டும். அலுவலகச் சுவரிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் அவற்றுக்கு எவ்வளவு தூரம் என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பு. வேப்பமரம் விழுந்தாலும் சுவர் இருக்கும். அடுத்த தையில் அந்தத் தூரத்தை அளந்து, உழவாரத்தால் மெல்லச் செருக்கிக்கொண்டு போனால், ஓரிடத்தில் 'டங்' என்று கேட்கும். அங்கேதான் கம்பியைக் கட்டவேண்டும்.