கயிறு கட்டிய மேல்தளம்

பெரியம்மா போனைத் திறந்து முதலில் காட்டியது ஒரு கயிற்றின் படம்.

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்விட்டு நேற்று ராத்திரிதான் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு கம்பெனி தன் முகவர்களை மொத்தமாகக் கூட்டி வந்து, நீச்சல்குளம் இருக்கிற மேல்தளத்தைச் சாயங்காலம் முழுக்கக் கயிறு கட்டி மறித்து, 'தனி நிகழ்ச்சி' என்று பலகை வைத்துவிட்டதாம். நடுக்கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு ஆசையாகப் போனதே.

ஊரில் ஒரு மண்டபம் இல்லையென்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். கப்பலில் எங்கே போவது?

முழுக் கப்பலையும் ஒரே குழு எடுத்தால், முன்பே பதிவு செய்தவர்களுக்குப் பொதுவாகப் பணமோ வேறு தேதியோ கிடைக்கும். ஒரு பகுதியை மட்டும் எடுத்தால்தான் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். எந்தத் தளம், எத்தனை மணி நேரம் மூடியிருக்கும் என்று டிக்கெட் போடும்போதே சொல்ல வேண்டாமா?

பெரியம்மா புகார் எழுதச் சொல்லியிருக்கிறார். இப்போது அதைத்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.