மௌன விரதம், மார்ச்

மார்ச் 3, செவ்வாய்

திரையில் என் குரல்நாண்களைப் பார்த்தேன். இரண்டும் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். இடது பக்கம் செம்பருத்தி நிறம். பத்து நாளைக்குப் பேச்சு கூடாது, கிசுகிசுப்பு அதைவிடக் கூடாது. 20ஆம் தேதி கச்சேரி என்று எழுதிக் காட்டினேன். டாக்டர் படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 4, புதன்

அம்மாவுடன் ஓர் ஏற்பாடு. போனில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. அதிமதுரம் இருக்கா? இரண்டு. பனங்கற்கண்டு? ஒன்று. மிளகுப் பால் குடிச்சியா? குடிக்கும் எதுவும் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடும், ஆவி மட்டும்தான் அங்கே எட்டும் என்பதை எத்தனை தட்டில் சொல்வது? ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்க் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

வாயைத் திறக்காமல் நிரல் முழுவதையும் மனத்துக்குள் பாடிப் பார்த்தேன். ஷூபர்ட் ஓடியது, நூல் நூற்றபடி காதலனை நினைக்கும் பெண்ணின் பாட்டு. ராட்டினம் சுற்றுகிற மாதிரி பியானோ, அவன் முத்தம் நினைவுக்கு வந்ததும் ராட்டினம் நின்றுபோவது, பிறகு இரண்டு மூன்று முறை தடுமாறித் திரும்பச் சுற்றத் தொடங்குவது. 1814இல் எழுதும்போது அவருக்கு 17 வயது. நான் 17 வயதில் திருச்சியில் கெமிஸ்ட்ரி ட்யூஷன் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ராஸின் ஜெர்மன் பாட்டு 'மோர்கன்' வந்ததும் நின்றுவிட்டேன். எப்போதும் இங்கேதான். முதல் சொல் 'உண்ட்'. அதாவது 'அப்புறம்'. பியானோ தன்பாட்டுக்கு ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே போகும். நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பாட்டே முடியப் போகிறது என்று கேட்பவர்கள் நினைக்கும் நேரத்தில், எப்போதோ விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி உள்ளே போக வேண்டும்: அப்புறம் நாளைக்குச் சூரியன் மறுபடியும் ஒளிரும். தொடங்குவதாகத் தெரியக் கூடாது என்கிறாள் பியானோ வாசிப்பவள். தமிழில் 'உம்' சொல்லின் வாலில்தான் ஒட்டும், தலையில் உட்காராது. 'நாளையும் சூரியன் வரும்' என்றால் நேற்றும் வந்தது, இன்றும் வந்தது, அவ்வளவுதான். இது அது இல்லை.

1894இல் ஸ்ட்ராஸ் பவுலினைக் கல்யாணம் செய்தபோது பரிசாகக் கொடுத்த நான்கு பாட்டுகளில் இது கடைசி. அவளே பாடகி. பாடகிக்குக் கொடுத்த பாட்டு 'பேச்சற்ற மௌனம்' என்று முடிகிறது. நல்ல பரிசு.

(ஒரு முறை பியானோ வாசிப்பவளைப் பக்கவாத்தியம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவள் சொல்வது நியாயம்தான், இந்தப் பாட்டில் பக்கத்தில் நிற்பது நான்.)

மார்ச் 9, திங்கள்

கனவில் கத்தினேன். விழித்ததும் நிஜமாகவே கத்திவிட்டேனோ என்று பயம்.

மார்ச் 10, செவ்வாய்

பிரெஞ்சு இசையமைப்பாளர் துபார்க் 1885இல் எழுதுவதை நிறுத்தினார். வயது 37. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். 1933 வரை உயிரோடு இருந்தார். கணக்குப் போட்டேன், 48 வருடம். நடுவில் கண்ணும் போயிற்று. எழுதியதில் பெரும்பாலானதைத் தானே அழித்தார், ஒரு ஓப்பரா உட்பட. அது நீர்மோகினி கதை. மிஞ்சியவை 17 பாட்டு போல. அதில் இரண்டு என் நிரலில்.

48 வருடம் காலையில் எழுந்து என்ன செய்தார்?

மார்ச் 11, புதன்

48.

மார்ச் 13, வெள்ளி

சிவப்பு குறைந்திருக்கிறது. தினம் ஐந்து நிமிடம் அனுமதி. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விட்டபடி ம்ம்ம். முதல் சத்தம் வந்ததும் அழுதேன். அழுவதும் அந்த இடத்துக்கு ஆகாதாம்.

மார்ச் 15, ஞாயிறு

லண்டன் விக்மோர் ஹாலில் பாட்டுக் கேட்கப் போனேன். 1901இல் திறந்தபோது பெக்ஷ்டைன் ஹால், பியானோ கம்பெனியின் பெயர். போர் வந்தது, ஜெர்மன் சொத்தென்று பறித்தார்கள், 1917இல் புதுப் பெயரில் திறந்தார்கள். அப்புறம் அதே மேடையில் ஜெர்மன் பாட்டுதான். மைக் கிடையாது. 550 பேர் வரை உட்காரும் இடத்தில் ஒருத்தி மூச்சிழுப்பது கடைசி வரிசைக்குக் கேட்கிறது. பாட்டுக்குப் பாட்டு கைதட்டுவதில்லை, ஒரு தொகுதி முடியும் வரை பொறுமை. அந்த இடைவெளியில்தான் அடக்கிவைத்த இருமல் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். பாட்டுக்கு நடுவே எல்லோரும் மொழிபெயர்ப்புத் தாளை ஒன்றாகத் திருப்பும்போது மழை பெய்கிற சத்தம். எனக்கும் இருமல் வந்தது. விழுங்கினேன். கண்ணில் தண்ணீர். பக்கத்துப் பாட்டி நான் பாட்டில் கரைந்துவிட்டதாக நினைத்துக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஆசிரியை சொல்லிவிட்டார், கத்தலானியின் ஓப்பராப் பாட்டு வேண்டாம். ஊரில் என்றால் ஐந்து கட்டை முடியாவிட்டால் நாலரையில் பாடிவிட்டுப் போகலாம். இங்கேயும் தனிப்பாட்டுப் புத்தகங்கள் உயர்ந்த குரல், நடுக்குரல், தாழ்ந்த குரல் என்று மூன்று விதமாகக் கிடைக்கும். ஓப்பராவுக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. எழுதிய சுருதியில் அந்த உச்சத்தைத் தொடு, இல்லை பாடாதே.

அந்த ஓப்பராவின் பெயர் 'லா வாலி' என்று அம்மாவிடம் முதன்முதலில் சொன்னபோது "அப்ப சுக்ரீவன் யாருடி?" என்றாள். அப்பா சொல்லும் ஆளைக் கட்டிக்கொள்ளாமல் வீட்டை விட்டுப் பனிக்குள் போகிற பெண். கடைசியில் பனிச்சரிவில் குதிக்கிறாள். மேடையில் பனிச்சரிவைக் கொண்டுவருவது யாரால் ஆகும்? ஓப்பராவை அபூர்வமாகத்தான் போடுகிறார்கள், இந்தப் பாட்டு மட்டும் தனியே ஊர் சுற்றுகிறது. 1892இல் மிலானில் அரங்கேற்றம், அடுத்த வருடம் கத்தலானி போய்விட்டார், 39 வயது. இசை நடத்துநர் தொஸ்கனினி தன் மகளுக்கே வாலி என்று பெயர் வைத்தார்.

விட மாட்டேன்.

மார்ச் 18, புதன்

விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் சைக்கோவ்ஸ்கியின் 'இயோலாந்தா' ஓப்பராவிலிருந்து ஒரு பாட்டு. அதே 1892, பீட்டர்ஸ்பர்கில் 'நட்கிராக்கர்' பாலேயோடு ஒரே இரவில் அரங்கேறியது. பாலே உலகம் முழுக்கப் போயிற்று, இது வீட்டிலேயே இருந்துவிட்டது. தனக்குப் பார்வை இல்லை என்பதே தெரியாமல் வளர்ந்த ராஜகுமாரி. முன்பெல்லாம் இந்தத் துக்கம் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிறாள். சத்தம் போடவே வேண்டாம், கேட்டால் போதும். பாதிக் குரலில் பாடினேன். வந்தது! முழுதாக வந்தது. ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஷ்ய உச்சரிப்பு மோசம் என்றார், அப்புறம்.

மார்ச் 19, வியாழன்

'உண்ட்' இருபது தடவை. பத்தொன்பது தடவை தொடங்கினேன்.

மார்ச் 20, வெள்ளி

காலை 6.10. இன்னும் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. அம்மாவின் போன். தூங்கினியா? ஒரு தட்டு தட்டினேன். "இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லேண்டி" என்றாள்.