முதல் டர்ட் பைக்கும் முதல் மாடி வீடும்

மண்பாதையில் வண்டி ஓட்டணும் என்ற ஆசை கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு உண்டு. கை கூடியது முப்பத்திமூன்று வயதில்தான். கோவை துடியலூர் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். வண்டியைத் தேர்ந்தெடுத்த கதையும் அதனால் கீழ்வீட்டாரோடு வந்த மனத்தாங்கல் தீர்ந்த கதையும் எனக்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தெளிய வேண்டியிருந்தது, எது டர்ட் பைக் என்பது. பந்தயத்துக்கென்றே வரும் வண்டிகளுக்கு ஹெட்லைட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. ரோட்டில் ஓட்ட முடியாது. டாடா ஏஸில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்தத் தோட்டம் இருப்பவர்களுக்குச் சரி, எனக்கு ஆகாது. ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற வண்டிதான் வேண்டும் என்று முடிவானதும் இரண்டு மிச்சமாயின: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, அல்லது ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411.

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஹிமாலயன் சீட் 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் சீட் 825. ஹிமாலயனில் கால் நன்றாக ஊன்றியது. பார்த்தவர்கள் எல்லோரும் அதையே எடுக்கச் சொன்னார்கள், நானும் ஏறக்குறைய முன்பணம் கொடுக்கப் போய்விட்டேன்.

மனதை மாற்றியது கர்நாடகாவில் கோலார் பக்கம் ஒரு நாள் பயிற்சி. பாலைவனத்திலும் கரடுமுரடான பாதையிலும் பல நாள் ஓடும் டக்கார் ராலி என்ற பந்தயத்தை 2015இல் முடித்து, அதை முடித்த முதல் இந்தியர் என்று பெயர் வாங்கிய சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பயிற்சிக் களம் அங்கே இருக்கிறது. அன்று ஓட்டியதைவிட விழுந்த வண்டியைத் தூக்கியதுதான் அதிகம். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாற்போல் நின்று, ஒரு கையில் கிரிப்பும் மறு கையில் பின்பக்க பிரேமும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகால் தூக்கினால் இடுப்பு போய்விடும். ஆறாவது தடவை தூக்கும்போது தொடை நடுங்கியது. ஹிமாலயன் 199 கிலோ, எக்ஸ்பல்ஸ் 158. கால் எட்டாததற்கு வழி உண்டு. சீட்டில் ஒருபக்கமாக நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றிக்கொள்ளலாம். 41 கிலோவை எப்படிக் குறைப்பது? புதிதாகக் கற்பவர்கள் சீட் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள் என்று எனக்கு அன்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு எக்ஸ்பல்ஸ் கிடைத்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் ஆயில் சீல் கசிகிறதா, சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகள் தளர்ந்திருக்கிறதா, ஹேண்டில் திரும்புகிற கோன்செட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சொன்னார். கடன் பாக்கி இல்லை என்கிற பைனான்ஸ் என்ஓசி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் சரி. வெளியில் வாங்கி மாட்டிய சைலன்சர் இருந்தது. சத்தம் கனமாக, நன்றாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டதுதான் நான் செய்த தவறு.

அன்னூர்ப் பக்கம் தோழியின் தோட்டத்தில் கொஞ்சம் தரிசு கிடக்கிறது, அங்கேதான் பழக்கம். வெயிலுக்கு முன்னால் ஓட்ட வேண்டும் என்று ஞாயிறு காலை ஐந்து மணிக்கு பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் சூடேற்றிக் கிளம்புவேன். திரும்பி வந்து உப்புத்தண்ணி பைப்பில் கழுவுவேன்; செம்மண் பக்கத்துக் காருக்கடியில் ஓடிக் காய்ந்துவிடும். நாலாவது வாரம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் செகரட்டரி இந்தச் சத்தத்தையும் மண்ணையும் பற்றி எழுதினார். நான் பதிலுக்கு, பார்க்கிங்குக்கு நானும்தான் மெயின்டனன்ஸ் கட்டுகிறேன் என்று எழுதினேன். அதை எழுதியிருக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று விதியே இருக்கிறது; வண்டிக்கு வந்த சைலன்சரை மாற்றுவதும் சட்டப்படி தப்பு.

இரண்டு நாள் கழித்து முதல் மாடி அக்கா படிக்கட்டில் நிறுத்தினார். "ஏங்கண்ணு, அவரு அரை நைட் முடிச்சு ஒண்ணரைக்கு வந்து படுக்கறாரு. ஞாயித்துக்கிழமையாச்சும் தூங்க வேண்டாமா?" அவர் கணவர் மில்லில் வேலை செய்கிறார். குரூப்பில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலை என் தம்பியைக் கீழே வண்டியோடு நிறுத்திவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அந்த ரூம்ல நின்னு கேக்கட்டுங்களாக்கா?" என்றேன். கட்டிலை ஒட்டிய ஜன்னல், நேர் கீழே என் வண்டி. தம்பி ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரித் தட்டில் தண்ணீர் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர், மேலே மூடியிருந்த சின்னத் தட்டோடு சேர்ந்து கிணுகிணுத்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டம்ளர் மேல் விரலை வைத்து அமுக்கிக்கொண்டார். கைப்பழக்கம் அது. எத்தனை ஞாயிறு அப்படி அமுக்கியிருப்பார். மன்னிச்சுக்குங்கண்ணா என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

விற்றவரைக் கூப்பிட்டேன். கம்பெனி சைலன்சர் அவர் வீட்டுப் பரணில் இருந்தது, வாங்கி மாட்டிக்கொண்டேன். எப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிக்கு அவ்வளவு நேரம் சூடேற்றத் தேவையில்லை என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். கழுவுவதை வாட்டர் சர்வீஸுக்கு மாற்றினேன். எல்லாவற்றையும்விட முக்கியம், இப்போது வண்டியை மெயின் ரோடு முனை வரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு உயர்ந்து, எங்கள் பார்க்கிங் பள்ளமாகிவிட்டது. கேட்டுக்கு ஏறுகிற சரிவு கொஞ்சம் செங்குத்து. 158 கிலோவை மூச்சுப் பிடித்து ஏற்றிவிடுகிறேன். ஹிமாலயனாக இருந்தால் என்னால் ஆகியிருக்காது. அங்கேயே ஸ்டார்ட் செய்திருப்பேன், சண்டையும் தொடர்ந்திருக்கும்.

அக்கா இப்போது பேசுகிறார். போன வாரம் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காயில் பாதி அவர்கள் வீட்டுக்குப் போனது. மூன்றாம் மாடிப் பெரியவருக்கு மட்டும் லிஃப்டில் என் பூட்ஸ் மண் உதிர்வதில் வருத்தம். அவர் சொல்வதும் நியாயம்தான். கீழேயே கழற்றி ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு மேலே போகிறேன். வாளி வாங்கி இரண்டு வாரம் ஆகிறது.