பூட்டி வைத்த 500

மலையில் சர்வீஸுக்கு வரும் கடைசித் தயாரிப்பு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 பைக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஓடோமீட்டரைப் பார்த்தால் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்; வேலையோ நாற்பதாயிரம் ஓடிய வண்டிக்குச் செய்வதைவிட அதிகமாக இருக்கும். "கடைசி வண்டியாச்சே, பத்திரமா வச்சிருந்தேன் அண்ணே" என்பார் உரிமையாளர். ஊட்டி, குன்னூர் பனியில் வண்டியைக் கெடுப்பதே அந்தப் பத்திரம்தான்.

499 சிசி, 84 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), வால்வைத் தண்டால் தள்ளித் திறக்கும் புஷ்ராடு, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு இந்த எஞ்சின் இந்தியச் சந்தையை விட்டுப் போனது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் வெப்பநிலை ஓரளவு ஒரே சீராக நிற்கும். காற்றுக் குளிர்ச்சியில் ஏறும், இறங்கும். அதற்கும் சேர்த்துப் பிஸ்டனுக்கு இடைவெளி விட வேண்டும் என்பதால், புகை அளவைக் கட்டுக்குள் வைப்பது கடினம். கடைசி வண்டிகளில் வரிசை எண் பொறித்த தகடு இருக்கும். பூட்டி வைக்கும் ஆசை அந்தத் தகட்டில்தான் தொடங்குகிறது.

முதலில் கெடுவது டேங்க். 13.5 லிட்டர் டேங்கில் நாலு லிட்டர் மட்டும் விட்டு நிறுத்தினால் மீதி இடமெல்லாம் ஈரக்காற்று. இரவுக் குளிரில் தகரத்தின் உள்பக்கம் வியர்க்கும். நீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தைத் தானும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியே பிரிந்து கீழே இறங்கும். ஃப்யூயல் பம்ப் இருப்பதும் அதே அடித்தட்டில்தான். துருத்தூள் வடிகட்டியை அடைக்க, ஏற்றத்தில் த்ராட்டில் முறுக்கும்போது வண்டி திணறும். உடனே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றுபவர்கள் உண்டு. டார்ச் அடித்து டேங்குக்குள் பார்ப்பதுதான் முதல் வேலை. நிறுத்துவதென்றால் கழுத்துவரை பெட்ரோல் நிரப்பி நிறுத்துங்கள்.

அடுத்தது, தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம். நல்லது என்று நினைத்துச் செய்வதில் இதைவிடக் கெடுதல் வேறில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். பிஸ்டன் வளையத்தைத் தாண்டி அதில் கொஞ்சம் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ப்ரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். ஐந்து நிமிடத்தில் ஹெட் சூடாகும், ஆயில் சூடாகாது. ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் போட்ட டீ மாதிரித் தெரிந்தால் காரணம் இதுதான். வாரம் ஒருமுறை குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை ஒரு நடை போய்வந்தாலே போதும். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல். நாள்பட நின்ற எஞ்சின் முதலில் டக் டக்கென்று தட்டும். ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் இறங்கிப் போயிருக்கும். ஒரு நிமிடம் முறுக்காமல் விட்டால் அடங்கும். டேப்பட் டைட் செய்யச் சொல்லி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் டேப்பட் செட்டிங்கே கிடையாது.

ஆயில் 15டபிள்யூ-50, மொத்தக் கொள்ளளவு 2.75 லிட்டர். வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். அதனால் முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மலையில் சமதளம் தேடுவதுதான் பெரிய வேலை.

பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் செல்ஃபைத் தொடாதீர்கள். மெதுவாகச் சுற்றும் பெரிய பிஸ்டன் அழுத்தத்தைத் தாண்ட முடியாமல் பின்னுக்கு உதைக்கும். அந்த உதை போய் விழுவது செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் மேல். கிக்கர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் பம்ப் ஓடாது, உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155-க்கு வந்துவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், ஆயில் கொதித்துப் பாதி வழியில் லீவர் பஞ்சாக உள்ளே போகும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர்.

மூடிவைக்கப் பிளாஸ்டிக் தார்ப்பாய் ஆகாது, அடியில் ஈரம் தேங்கும். பழைய பருத்திப் போர்வை போதும். சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மேட் கறுப்பில் பாலிஷ் போட்டால் அங்கங்கே பளபளத்துத் திட்டாகிவிடும். டேங்கில் உள்ள தங்கக் கோடு கையால் வரைந்தது; காம்பவுண்டு வைத்துத் தேய்த்தால் போய்விடும். ஈரத்துணி போதும்.