முப்பது தாண்டியவர்களுக்குப் பரிகாரச் சுற்று: தேதி குறிப்பது எப்படி?

இராமநாதபுரம் பக்கம் முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் வேலை, சம்பளம், சொந்த ஸ்கூட்டர் எல்லாம் அப்புறம். முதலில் ஜாதகம், அடுத்தது வாடகைக் கார். பரிகாரத்துக்குப் போயே ஆகணும் என்று அம்மா நின்றுவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள்.

பரிகாரம் செய்தால் ஒரு மண்டலம், 48 நாள், பொறுக்கச் சொல்வார்கள். அதுவரை "ஏத்தா, ஒண்ணும் அமையலையா?" என்று கேட்கும் அயித்தைக்கு, "பரிகாரம் பண்ணிருக்கோம் மதினி" என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார். இந்த விடுப்பை ஆடியிலோ மார்கழியிலோ வீணாக்கக் கூடாது. அப்போது எப்படியும் யாரும் பெண் பார்க்க வருவதில்லை. தை முதல் வாரம் போனால் முகூர்த்தம் குவியும் தையும், மாசி பாதியும் கழிந்துவிடும்.

காலையில் தேவிபட்டினம். கடலுக்குள் நவக்கிரகமாக ஒன்பது கற்கள். தண்ணீரில் இறங்கி ஒன்பது சுற்று, பிறகு நவதானியம். பாசி வழுக்கும். கடல் ஏறியிருந்தால் சின்னக் கற்கள் மூழ்கிக் காலில் இடிக்கும். பருத்திப் புடவை நனைந்தால் நடக்கவே விடாது, பாலியஸ்டர் சுடிதார் உத்தமம். அர்ச்சகர் பேர், நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார். கூட வந்த சித்திதான் "முப்பத்தி நாலு முடிஞ்சிருச்சு சாமி" என்று கரை வரை கேட்கச் சொல்வார். ஆகவே சித்தியைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு இறங்குங்கள்.

(பொறுமையில் தமிழக அரசை அடிச்சுக்க ஆளில்லை. திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான ஓய்வூதியத்தை 50 வயதுக்கு மேல்தான் தருகிறது. அதுவரை நம்பிக்கையை விடுவதில்லை.)

உச்சிக்கு நடை சாத்துவதற்குள் உத்தரகோசமங்கை. மற்ற சிவன் கோயில்கள் ஒதுக்கிவைத்த தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள், நின்று பார்க்கலாம்.

பிறகுதான் ஆபத்து. "இங்கனதானே இருக்கு" என்று திருப்புல்லாணிக்கு வண்டியைத் திருப்புவார்கள். அது பிள்ளை வரத்துக்கான தலம். தசரதன் வேண்டிக்கொண்ட இடம் என்கிறது தலபுராணம். மாப்பிள்ளை கிடைக்கும் முன்பே நாகப் பிரதிஷ்டைக்கு விசாரிப்பார்கள். டீசல் மிச்சமாம். பால் பாயசத்தைக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இராமேஸ்வரத்தை அன்றே சேர்க்காதீர்கள். 48 நாள் முடியும் அன்று, "22 தீர்த்தம் பாக்கி இருக்கேம்மா" என்று நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ஈரத் துணியோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுத் துணி அவசியம். சித்திக்கும் ஒரு செட்.