எண்பத்தாறாம் நாள் போனை எடுக்கவில்லை

பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் ஸ்டார்ட்அப்பின் ஆபீஸ். மொத்தம் ஒன்பது பேர், அதில் சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் ஆறு பேர். முதல் சுற்றுப் பணம் வந்ததும், இன்ஜினியரிங் ஹெட் ஒருவர் வேண்டும் என்றார் முதலீட்டாளர். சரி, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

முதல் கோணல் என்னுடையது. பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்து, 'ஐம்பது பேர் குழுவை நடத்திய அனுபவம்' என்று எழுதிப் போட்டேன். அப்படிப்பட்டவர்கள்தான் வந்தார்கள். ஒருவர் 120 பேரை மேய்த்தவர். பேச்சில் குறையே சொல்ல முடியாது. ஆர்டர்கள் பதிவாகும் டேட்டாபேஸ் டேபிளைத் திறந்து காட்டியதும், "இதெல்லாம் டீம் பார்த்துக்கும்" என்றார். அந்த டீம் அப்போது பக்கத்து அறையில் மேகி கிண்டிக்கொண்டிருந்தது.

அடுத்தவர் ஆஃபரில் கையெழுத்தே போட்டுவிட்டார். நோட்டீஸ் பீரியட் 90 நாள், இந்த ஊர் ஐடியில் சகஜம்தான். நாங்களும் நிச்சயதார்த்தம் முடிந்த வீடு மாதிரி நிம்மதியாக இருந்துவிட்டோம். இடையில் ஒரு காபிக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. எண்பத்தாறாம் நாள் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் மெசேஜ் வந்தது: "சாரி ப்ரோ, இங்கேயே ரோல் மாத்தித் தர்றாங்க." எங்கள் ஆஃபர் லெட்டரைக் காட்டித்தான் பேரம் பேசியிருக்கிறார். அதற்குள், அந்த வேலைக்கு வந்திருந்த வேறு இருவருக்கும் 'இல்லை' சொல்லியாகிவிட்டது.

மூன்றாமவரைச் சொன்னது எங்களிடம் பேக்எண்ட் பார்க்கும் பெண். அவளுடைய பழைய லீட், மதுரைக்காரர், முருகேஷ்பாளையாவில் வீடு. இந்த முறை கேள்வி பதிலே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை வரச்சொல்லி, உண்மையாகவே எங்களைப் படுத்திக்கொண்டிருந்த சிக்கலை முன்னால் வைத்தோம்: சில ஆர்டர்கள் இரண்டு தடவை பதிவாகின்றன. அவர் லாகை, அதாவது சர்வரில் நடந்தவற்றின் பதிவை, கேட்டார். எங்களில் சின்னவன், "கேட்வே தப்பு சார்" என்றான், பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயைச் சொன்னான். "இருக்கலாம்ப்பா. அதே தகவல் ரெண்டாவது தடவை வந்தா நாம என்ன பண்றோம்?" என்றார். பையன் ஸ்க்ரோல் செய்துகொண்டே போய் சட்டென்று நின்றான். நாங்கள் பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே வெப்ஹுக்கை, அதாவது பணம் வந்த தகவலை, மறுபடி அனுப்புகிறது. நாங்கள் பேமென்ட் ஐடியைச் சரிபார்க்காமல் மறுபடி எழுதுகிறோம். விடை அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பையன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆனாலும் அவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குக் கீழே வேலை பார்த்த இருவரைக் கூப்பிட்டேன். மேலதிகாரிகள் எப்போதும் நல்லதுதான் சொல்வார்கள். "மறுபடி அவர்கூட வேலை பார்ப்பீர்களா?" என்றதற்கு ஒருவர், "இடம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

அப்புறம் பணம். பழைய சம்பளத்தை எங்களால் தர முடியாது, மீதிக்கு ஈசாப், அதாவது கம்பெனிப் பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. அல்சூரில் காபி குடித்தபடி பேசினோம், அவர் மனைவியும் வந்திருந்தார். நான்கு வருட வெஸ்டிங், அதாவது அந்த உரிமை நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை எதுவும் கிடையாது. அந்த ஒரு வருடம் சட்டமே சொல்வது என்று விளக்கினேன். அவர் மனைவி நிதானமாகக் கேட்டார்: "பங்கா மாத்தும்போதே, விக்காமலே வரி கட்டணுமாமே?" ஆமாம். அன்றைய மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளக் கணக்கில் வரும். வரியைத் தள்ளிப்போடும் சலுகை, அதற்கான சான்றிதழை அரசிடம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்குத்தான். எங்களிடம் அது இல்லை. எங்கள் திட்டத்திலோ, வேலையை விட்டால் மூன்று மாதத்துக்குள் பங்காக மாற்றி, அந்த வரியையும் ஏற்றாக வேண்டும். அதை ஐந்து வருடமாக்கினோம். பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், வக்கீல் கட்டணம், இரண்டு வாரம். அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் எனக்கு உறைத்தே இருக்காது.

சேர்ந்த திங்கட்கிழமை, இரவில் சர்வர் கோளாறானால் அலர்ட் யாருக்குப் போகிறது என்று கேட்டு, பட்டியலில் முதல் வாரம் தன் பெயரைப் போடச் சொன்னார். புதன் இரவு இரண்டு மணிக்கு ஒன்று வந்ததாம். காலையில் ஆபீஸ் போனபிறகுதான் எனக்குத் தெரியும்.