தம்பிக்கு ஏஏ கூட்டம் தேடிய அனுபவம்

குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏஏ) கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும் என்பதெல்லாம் பலரும் அறிந்ததுதான். ஆனால், திருச்சியில் அந்தக் கூட்டம் இன்று மாலை எந்த அறையில் நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், தம்பியின் சிகிச்சையில் முதல் கட்டத்தை மருத்துவமனையில் வைத்தே முடித்தோம். அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டின் கடைசி வரியில் 'ஏஏ கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லவும்' என்று எழுதியிருந்தார்கள். எங்கே செல்வது என்று கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "நெட்ல போட்டுப் பாருங்க மேடம், வரும்" என்றார்.

வந்தது என்னவோ உண்மைதான். முதலில் வந்தவை எல்லாம் மாதக் கட்டணம் வாங்கும் தனியார் மையங்களின் விளம்பரங்கள். அவற்றில் ஒன்றை அழைத்து, கூட்டம் பற்றி மட்டும் விசாரித்தேன். "அட்ரஸ் சொல்லுங்கக்கா, வண்டியோட ஆளுங்க வருவாங்க, நீங்க அட்வான்ஸ் போட்டாப் போதும்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். தானாக முன்வந்து குடியை நிறுத்தியிருக்கும் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போக ஆள் எதற்கு? இப்படிப்பட்ட மையங்களில் சேர்க்க நேர்ந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று பொடி விற்பவர்களை அண்டவே விடாதீர்கள்.

ஒருவழியாகக் கூட்டங்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதை நம்பி, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, அதில் குறிப்பிட்டிருந்த தேவாலய வளாகத்துக்கு மாலை ஆறரைக்கு இருவரும் போய்ச் சேர்ந்தோம். பின்பக்க அறை பூட்டியிருந்தது. காவலாளியிடம் ஏஏ கூட்டம் என்றதும் அவருக்குப் புரியவில்லை; நான் விளக்கத் தொடங்கியதும், "ஓ, அந்தக் குடிகாரங்க கூட்டமா? தவக்காலம்லம்மா, ரூமைத் தியானத்துக்குக் குடுத்தாச்சு. எங்க போனாங்கன்னு தெரியலை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான். வேறு எந்த வேலைக்குப் போய்த் திரும்பினாலும் பேருந்துக் கட்டணம்தான் நஷ்டம். அந்த நேரத்தில், அந்தத் தெருமுனையில், டாஸ்மாக் கடை திறந்திருக்கிறது. "விடுக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவன் சொன்ன குரலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மறுநாள் பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது, ஒன்று யாரோ ஒரு பாட்டியிடம் போனது, ஒன்றை ஒருவர் எடுத்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர், "சரிங்கம்மா, தம்பிகிட்ட போனைக் குடுங்க" என்றார். மருத்துவமனைக்குப் போய் வந்ததிலிருந்து தம்பியைப் பற்றி என்னிடம் பேசியவர்கள்தான் அதிகம். தம்பியிடமே பேச வேண்டும் என்று கேட்டவர் இவர்தான். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். தவக்காலம் முடியும்வரை கூட்டம் பக்கத்துத் தெருப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் நடக்கிறதாம். தாமே பள்ளி வாசலில் நிற்பதாகச் சொன்னார், சொன்னபடியே நின்றார்.

எனக்குத்தான் உள்ளே இடமில்லை. அன்று மூடிய கூட்டம், அதாவது குடிநோயாளிகள் மட்டும் அமர்வது. குடும்பத்தார் திறந்த கூட்டத்துக்குத்தான் போக முடியும். சிறுபிள்ளைகள் உட்காரும் தாழ்வான பெஞ்சுகளில் தலைநரைத்த ஆண்கள் முழங்கால் இடிக்க அமர்ந்திருப்பதைக் கதவு சாத்தும்வரை பார்த்துவிட்டு, மாடிப்படியில் காத்திருந்தேன். முடிந்து வெளியே வந்தவர்களிடம் தேநீர்ச் செலவுக்கு என்று ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். உறுப்பினர் அல்லாதவர்களிடம் வாங்குவதில்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்கள். அத்தனை விளம்பர அழைப்புகளுக்குப் பிறகு அதைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது.

ஆகவே தேடுகிறவர்கள் முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். புறப்படும் நாளன்றே உறுப்பினர் ஒருவரை அழைத்து, இடம் மாறியிருக்கிறதா, திறந்ததா மூடியதா, தமிழில் நடக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். தேவாலயங்களில் தவக்காலத்திலும், பள்ளிகளில் தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் அறை மாறக்கூடும். 14446 என்ற தேசிய உதவி எண் ஆலோசனை பெற உதவும். ஆனால் இன்றைய கூட்டம் எந்த அறையில் என்பதை அந்தந்தக் குழுவிடம் கேட்பதே உறுதி. வாசலில் யாராவது எதிர்கொள்ள முடியுமா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். குடும்பத்தாருக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது. தம்பி மனைவிக்காக அதன் கூட்டத்தை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்; இந்த முறை முதலில் போனில்தான்.